சமயநல்லூர் தண்டவாளத்துக்கு அடியில்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சென்னை ரயில் என்னை மதுரையில் இறக்கிவிட்டது. இமயமலையிலிருந்து ஜீப், விமானம், ரயில் என்று மாறி மாறி வந்ததில் உடம்பு முறிந்து போயிருந்தது. மலைக்குளிருக்காகப் போட்டிருந்த முழுக்கைச் சட்டை, பிளாட்பாரத்தைத் தாண்டுவதற்குள் முதுகோடு ஒட்டிக்கொண்டது. மே மாதம். வெயில் இன்னும் ஏறவே இல்லை, அதற்குள் இந்தக் கதி.

நான் சுரங்கப்பாதைப் பொறியாளர். மலையைக் குடைந்து ரயிலுக்கு வழி செய்வது என் வேலை. மதுரையைச் சுற்றிப் பார்க்க வந்தவளில்லை. மீனாட்சி கோயில் கோபுரத்தை இந்தப் பயணத்தில் நான் பார்த்ததே ஆட்டோவிலிருந்தும் பேருந்து ஜன்னலிலிருந்தும்தான். ஆள் எடுக்க வந்தேன். மழைக்காலம் முடிந்ததும் எங்கள் மலையில் இரண்டாவது சுரங்கத்தை வெட்டத் தொடங்குகிறோம். அதற்கு ஷிப்ட் பொறியாளர்கள் நான்கு பேர் வேண்டும். சுரங்கத்துக்குள்ளேயே நின்று, ஒவ்வொரு வெடிக்கும் பிறகு பாறையைப் பார்த்து, அடுத்து என்ன செய்வது என்று சொல்ல வேண்டிய ஆட்கள். போன முறை எடுத்தவர்களில் பாதிப் பேர் முதல் குளிரிலேயே ஊருக்கு ஓடிவிட்டார்கள்.

"நம்ம ஊர்ப் பக்கம் எடுப்போம் மேடம். நம்ம பயலுக வெயில்ல காஞ்சவனுக, எதையும் தாங்குவானுக" என்று சொன்னவர் ஹரிராம். எங்கள் நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறார். அவருக்கு மதுரை வில்லாபுரம். விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தவர், நேர்காணலையும் இங்கேயே வைத்துவிட்டார்.

வில்லாபுரத்துக்கு ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார், நூற்றைம்பதுக்கு ஒப்புக்கொண்டார். ஐந்து கிலோமீட்டர் போல இருக்கும்.

"என்ன வேலையா வந்திருக்கீகம்மா?"

"டனல் தோண்டுற இன்ஜினியர்ண்ணே. வேலைக்கு ஆள் எடுக்க வந்திருக்கேன்."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "டனலா? மதுரைக்கும் மெட்ரோ வருதுங்கிறாக, வரலைங்கிறாக. இங்கிட்டு எங்க தோண்டுனாலும் பானை ஓடுதான் வரும். அப்புறம் தோண்டுறத விட்டுட்டு எல்லாரும் பானையப் பாக்க வந்துருவாக." சிரித்துவிட்டு, கொஞ்ச தூரம் போனதும் கேட்டார், "பொம்பளையாள டனலுக்குள்ள விடுவாகளாம்மா?"

"விடமாட்டாங்கண்ணே. நாமதான் போகணும்."

இந்தக் கேள்வியை எந்த ஊரில் இறங்கினாலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். நிலத்தடிச் சுரங்கங்களில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டமே இருந்தது. அது தளர்ந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. சட்டம் தளர்ந்ததே தவிர ஆட்கள் தளரவில்லை. பெண் கால் வைத்தால் மலை கோபித்துக்கொள்ளும் என்று வடக்கே ஒரு பேச்சு உண்டு. நான் கால் வைத்த மலைகள் மூன்று. இடிந்ததெல்லாம் இடிய வேண்டிய பாறை இருந்த இடத்தில்தான் இடிந்தது.

ஹரிராமின் வீடு வில்லாபுரத்தில் ஒரு குறுகிய தெருவில் இருக்கிறது. சௌராஷ்டிரக் குடும்பம். வாசலில் ஹரிராம் தன் அம்மாவிடம் சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொன்னார். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நல்ல மதுரைத் தமிழில், "இம்புட்டு ஒல்லியா இருந்துக்கிட்டு மலையக் கொடையிறீகளா?" என்று கேட்டார். முள்ளுமுருங்கைக் கீரை வடை சூடாக வந்தது. நான்கு வடை தின்ற பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

சாப்பிடும்போது அந்த அம்மா கேட்டார், "இந்த டனலு முடிஞ்சதும் என்ன செய்வீக?"

நல்ல கேள்வி. எங்கள் தொழிலைப் பற்றி வெளியில் யாருக்கும் தெரியாத விஷயம் அது. இரண்டு பக்கமிருந்தும் வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சுவர் உடைகிற நாளில் மாலை போடுவார்கள், இனிப்புக் கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள். அடுத்த மாதமே பாதிப் பேருக்கு வேலை இருக்காது. வெளிச்சம் தெரிந்தால் எங்கள் பிழைப்பு முடிந்தது. பிறகு அடுத்த மலையைத் தேட வேண்டும். வீடு, பள்ளிக்கூடம், கல்யாணம் எல்லாம் அந்த மலைகளுக்கு இடையில்தான். எனக்குக் கல்யாணம் அந்த இடைவெளியில் வந்து நிற்கவில்லை. அதில் வருத்தம் ஏதுமில்லை.

காலை ஒன்பது மணிக்குப் பெரியார் நிலையத்தில் திருமங்கலம் டவுன் பஸ் ஏறினோம். இருபது கிலோமீட்டர் இருக்கும். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் ஹரிராம் மட்டும் காசு கொடுத்தார். பழங்காநத்தம், பசுமலை தாண்டியதும் இடப்பக்கம் திருப்பரங்குன்றம் வந்தது. எல்லோரும் கோயில் இருக்கும் திசையில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் பாறையைப் பார்த்தேன். விரிசல் அதிகமில்லாத, ஒரே கல்லாக எழுந்து நிற்கிற குன்று. எங்கள் மலையில் எல்லாம் நொறுங்கிய பாறை, கையில் எடுத்தால் பிஸ்கட் மாதிரி உதிரும். இப்படி ஒரு கல் கிடைத்தால் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் இந்தக் குன்றைக் குடைய யாருக்கும் எந்தத் தேவையும் இல்லை. கப்பலூர் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் தட்டையான கரிசல் பூமி. குடைவதற்கு மலையே இல்லாத சீமையில் மலை குடைய ஆள் தேடி வந்திருக்கிறேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

நேர்காணல், திருமங்கலத்தைத் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரி வகுப்பறையில். மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. காலையிலிருந்து பையன்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நல்ல பையன்கள். சிலர் சென்னையில் சாக்கடைக் குழாய் வேலை பார்த்தவர்கள், ஒருவர் துபாயில் பாலம் கட்டியவர். எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். "எதிரே இருக்கிற பாறையிலிருந்து திடீரென்று தண்ணீர் வருகிறது. முதலில் என்ன செய்வீர்கள்?" எல்லோரும் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னார்கள். யாரும் தப்பாகச் சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

சாப்பாட்டுக்கு எழுந்தபோது ஒரு பெண் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். இருபத்தேழு வயது இருக்கும். சுடிதாருக்குக் கீழே சிமெண்டுக் கறை படிந்த சேஃப்டி ஷூ. கையில் கோப்பு இல்லை, ஒரு செல்போன் மட்டும் இருந்தது.

ஹரிராம், "என்னம்மா வேணும்?" என்றார்.

"நோட்டீஸ்ல ஆண்கள் மட்டும்னு போட்டிருக்கு. அதைப் போட்டது யாருன்னு பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்." என் பக்கம் திரும்பினாள். ஒரு கணம் நின்றுபோனாள். "நீங்களே பொம்பளையாத்தான் இருக்கீக. அப்ப அதைப் போட்டது யாரு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் போனை நீட்டினாள். எங்கள் நிறுவனத்தின் விளம்பரம்தான். வேலையின் பெயர், இடம், தகுதி. கடைசி வரியில் "ஆண்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்." நான் அந்த விளம்பரத்தை அதுவரை பார்த்ததே இல்லை. என் சுரங்கத்துக்கு, நான் தேர்ந்தெடுக்கப்போகும் ஆட்களுக்கு, என்னையே தள்ளுபடி செய்கிற விளம்பரம்.

"ஹரிராம், தலைமை அலுவலகத்தில் சொன்னாங்களா?"

அவர் முகம் கறுத்தது. "யாரும் சொல்லல மேடம். சுரங்க வேலைன்னா வழக்கமா அப்படித்தான் போடுவோம். நீங்க வேற மேடம், உங்கள மாதிரி எல்லாரும்…"

"உட்காருங்க" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

அவள் பெயர் பாண்டீஸ்வரி. சமயநல்லூருக்கு மேற்கே ஒரு சிற்றூர். பாலிடெக்னிக் படித்துவிட்டு, வேலை பார்த்துக்கொண்டே பொறியியல் முடித்தவள். இப்போது சமயநல்லூரில் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் குடிதண்ணீர்க் குழாய் கொண்டுபோகும் வேலையில் இருக்கிறாள். தண்டவாளத்தைத் தோண்ட முடியாது, ரயில் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு பக்கம் ஆழக் குழி வெட்டி, ஆள் குனிந்து நடக்கிற அளவுக்கு அகலமான கான்கிரீட் குழாய்களை ஒன்றன் பின் ஒன்றாக ஜாக்கி வைத்து மண்ணுக்குள் தள்ளுவார்கள். குழாயின் முனையில் ஆட்கள் உட்கார்ந்து மண்ணை வெட்டி வெளியே அனுப்புவார்கள். சின்ன அளவில் அதுவும் சுரங்கம்தான்.

அவளிடமும் தண்ணீர்க் கேள்வியைக் கேட்டேன்.

"புத்தகத்துல இருக்கிறத சொல்லட்டுமா, உள்ளத சொல்லட்டுமா?"

"உள்ளத சொல்லுங்க."

"உள்ளது என்னன்னா, எனக்குத் தெரியாது மேடம். நான் உள்ள போனதே இல்ல. வேலைக்குச் சேந்ததுல இருந்து மேலதான் நிக்கிறேன், தண்டவாளம் எறங்குதான்னு மட்டம் பாக்கிறேன். பொம்பளை எறங்குனா ஆளுக வேலைய விட்டுப் போயிருவாகன்னு மொதலாளி விடமாட்டேங்கிறாரு. நீங்க ரெண்டு வருசம் உள்ள வேலை பாத்த அனுபவம் கேக்குறீக. உள்ள விடாம அனுபவத்துக்கு நான் எங்க போவேன்?"

ஹரிராம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டேன், "நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. அங்கே வேலை நடக்குமா?"

"நடக்கும்."

"வாறேன்" என்றேன். எனக்கே தெரியாமல் அந்த ஊர்ப் பேச்சு வாயில் வந்துவிட்டது.

ஞாயிறு காலை ஆரப்பாளையத்திலிருந்து புறப்பட்டோம். விளாங்குடி, பரவை வழியாகப் பேருந்து முக்கால் மணி நேரம் எடுத்தது, தூரம் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். பரவை மார்க்கெட் வாசலில் லாரிகளும் வெங்காய மூட்டைகளும் வழியை மறித்து நின்றன. ஹரிராமைக் கூட்டிவர வேண்டிய அவசியம் எனக்கில்லை. அவராகவே வந்தார்.

சமயநல்லூரில் இறங்கித் தண்டவாளத்தை ஒட்டி நடந்தால், கருவேல மரங்களுக்கு நடுவே அந்தக் குழி. இரண்டு ஆள் ஆழம், இரும்பு ஏணி, ஓரத்தில் டீசல் பம்பு. குழியின் விளிம்பில் கருப்பசாமி படத்துக்கு முன்னால் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். ஒப்பந்தக்காரர் அழகர்சாமி வெள்ளைச் சட்டையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொன்னதும் எழுந்துவிட்டார். இளநீர் வெட்டச் சொன்னார். மரியாதைக்குக் குறைவில்லை.

"உள்ளே போய்ப் பார்க்கலாமா?" என்றேன்.

அவர் யோசித்தார். மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "நீங்க பெரிய இன்ஜினியரு, வெளியூரு. ஒருவாட்டி எட்டிப் பாத்துட்டு வாங்க, பரவாயில்ல" என்றார் அழகர்சாமி.

"பாண்டீஸ்வரியும் வரட்டும்."

"அது வேணாம் மேடம். நீங்க பாத்துட்டுப் போயிருவீக. அது இங்கயே இருக்கப்போற பிள்ளை. இன்னைக்கு எறக்கிவிட்டா நாளைக்கும் எறங்கும்."

எவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டார் பாருங்கள். விருந்தாளியாகப் பெண் போகலாம், வேலைக்காரியாகப் போகக் கூடாது. கருப்பசாமிக்கு இந்த வித்தியாசம் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஏணியில் இரும்புச் சத்தம். பாண்டீஸ்வரி பாதி ஏணி இறங்கியிருந்தாள். துப்பட்டாவை இடுப்பில் முடிந்திருந்தாள். தலையில் ஹெல்மெட்.

"ஏய், பாண்டீஸ்வரி! ஏறு மேல!"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் இறங்கினேன். எனக்குப் பின்னால் இன்னொரு காலடி கேட்டது. ஹரிராம். நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு வந்தவர் சேற்றில் கணுக்கால் வரை புதைந்தார்.

குழாய்க்குள் இருந்த மூன்று பேர் எங்களைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். ஒருவர் மட்டும் போகிறபோது, "பாத்துப் போங்கக்கா, வலது பக்கம் வயரு கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். குனிந்து நடந்தோம். மேலே கொதித்த வெயில் உள்ளே இல்லை. ஈர மண் வாசனை, டீசல் வாசனை, கம்பியில் தொங்கும் பல்புகள். கடைசிக் குழாயின் முனையில், வெட்டிய மண் செங்குத்தாக நின்றது. மேற்பரப்பில் கரிசல் தட்டுப்பட்டாலும் இங்கே செம்மண்ணும் சுண்ணாம்பு இறுகிய சுக்கான் கல்லும்.

பாண்டீஸ்வரி அந்த மண்ணுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றினாள். வெறும் கையால் தொட்டாள்.

"மாசக்கணக்கா இதுக்கு மேலயே நின்னிருக்கேன்" என்றாள். "உள்ள இப்படி இருக்கும்னு தெரியாமப் போச்சே."

அப்போது ரயில் வந்தது. முதலில் சத்தமாக வரவில்லை, பாதத்தில் வந்தது. பிறகு குழாய் முழுவதும் உறுமியது. பல்புகள் ஆடின. எதிரே மண் சுவரிலிருந்து பொடி உதிர்ந்தது. ஹரிராம் என் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்கு இதெல்லாம் பழக்கம். பாண்டீஸ்வரி பின்வாங்கவில்லை. உதிர்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் போய் முடிந்ததும் சொன்னாள், "இடது பக்கம் மட்டும் கூட உதிருது. ஈரமாவும் இருக்கு."

"ஏன்?"

"தெரியல. வெட்டிப் பாத்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் அந்தப் பக்கம் ஆளை உக்கார வைக்கமாட்டேன்."

முந்தைய நாள் வகுப்பறையில் கேட்ட எந்தப் பதிலும் எனக்கு இவ்வளவு பிடிக்கவில்லை. சுரங்கத்தில் ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசுகிற வாய்தான். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, தெரிகிறவரை ஆளைத் தள்ளி உட்காரவைக்கிறவர்தான் எனக்கு வேண்டும். இரண்டு வருட அனுபவம் இல்லாவிட்டாலும், நான்காவது ஆள் கிடைத்துவிட்டாள்.

மேலே ஏறியபோது மேஸ்திரியும் ஆட்களும் மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அழகர்சாமி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னார், "நாளையிலருந்து நீ வராத. திரும்ப பூசை போடணும், ரெண்டு நாள் வேலை போச்சு. ஒனக்கு இம்புட்டுத் திமிரு ஆகாது."

"நீங்க என்ன வராதன்னு சொல்றது? நானே வரல." டிபன் டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டாள். மேஸ்திரியிடம் மட்டும் நின்று சொன்னாள், "அண்ணே, இடது பக்கம் ஈரமா இருக்கு. ஆளத் தள்ளி உக்காரச் சொல்லுங்க." மேஸ்திரி தலையை ஆட்டினார்.

நடந்து போகையில்தான் எனக்கு உறைத்தது. காலையில் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. நான் வந்ததால் மத்தியானம் அது இல்லை. அதைச் சொன்னேன். அவள் நின்று என்னைப் பார்த்தாள். "ஏணியில மொதல்ல எறங்குனது நீங்களா, நானா?" என்று கேட்டாள். பிறகு, "எங்க அப்பாவப் பாத்துட்டுப் போங்க. வீடு பக்கத்துலதான்" என்றாள்.

இரண்டு கிலோமீட்டர், வாய்க்கால் கரையோடு. இரண்டு பக்கமும் வாழை. அவள் அப்பா கருப்பையா குத்தகை நிலத்தில் நின்றுகொண்டிருந்தார். கால் கழுவிக்கொண்டு வந்தார். அம்மா கலர் சோடா வாங்கி வரச் சொல்லி யாரையோ விரட்டினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனதையும் சொன்னேன். இமயமலை, குளிர், சுரங்கம், வருடத்தில் இரண்டு முறை விடுமுறை.

அவர் ஒரே கேள்வி கேட்டார்.

"உள்ள இடிஞ்சா, வெளிய வர வழி உண்டா தாயி?"

"எப்பவும் இருக்கும்னு சொல்ல முடியாதுங்கய்யா. இடியாம பாத்துக்கத்தான் எங்களுக்குச் சம்பளம். அப்படியே இடிஞ்சாலும் மூச்சு விடக் காத்து வரவும், ஆளுங்க தேடி வரவும் ஏற்பாடு வச்சிருக்கோம். ஆனா சத்தியம் பண்ணித் தர முடியாது."

"நல்லது. சத்தியம் பண்ணியிருந்தா அனுப்பியிருக்கமாட்டேன்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "எங்க அப்பன் காலத்துல எங்களுக்கு ஒரு குழி நெலம் கெடையாது. நான் எளந்தாரியா இருக்கையில இந்த ஊருல ஒரு தெருவுக்குள்ள எங்க ஆளுக செருப்புப் போட்டுப் போகக் கூடாது. ஏன்னு கேட்டா வழக்கம்பாக. ஒருநா போட்டுக்கிட்டுப் போனேன். அடிச்சாக. மறுநாளும் போட்டுக்கிட்டுப் போனேன். உள்ள வராதன்னு எவன் சொன்னாலும் எனக்கு ஆகாது தாயி. அது தெருவா இருந்தா என்ன, சொரங்கமா இருந்தா என்ன."

வழக்கம் என்ற சொல் வந்தபோது ஹரிராம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தலையை நிமிர்த்த நேரமாயிற்று.

சாயங்காலம் பாண்டீஸ்வரியோடும் ஹரிராமோடும் சமயநல்லூர் டீக்கடையில் உட்கார்ந்து திட்ட இயக்குநருக்குப் போன் செய்தேன். ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசுகிற மனிதர், கெட்டவரில்லை. நான்கு பெயர்களையும் சொன்னேன். நான்காவது பெயரில் நின்றார்.

"பெண்களை எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லையே கயல்விழி. எடுங்கள். அலுவலகத்தில் போடலாம், ஆவணப் பிரிவில் ஆள் வேண்டும்."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பாண்டீஸ்வரிக்குப் புரிந்துவிட்டது. டீ கிளாசைக் கீழே வைத்தாள். "உக்காந்து எழுதுறதுக்கு நான் ஏன் அம்புட்டுத் தூரம் வரணும்? முடியாதுன்னு சொல்லுங்க மேடம்."

சொன்னேன்.

"உங்களைப் போல எல்லோரும் இருக்கமாட்டார்கள்" என்றார் அவர்.

"என்னைப் போல இருந்தவர்களை எல்லாம் மேசையில் உட்காரவைத்துவிட்டோம் சார். அதனால்தான் அப்படித் தெரிகிறது. என்னையும் முதல் சுரங்கத்தில் மேசையில்தான் வைத்தார்கள். அளவெடுக்கிறவர்களின் பின்னால் நான் பாட்டுக்கு நடந்து உள்ளே போனேன், யாரும் வெளியே தூக்கிப் போடவில்லை. இந்த நான்கு பேர்தான் என் ஷிப்ட். ஒருவரை நீக்கிவிட்டால் மற்ற மூவருக்கும் நான் கையெழுத்துப் போடமாட்டேன். சுரங்கத்தைத் தொடங்க ஐந்தாவதாக இன்னொரு ஆளையும் தேடிக்கொள்ளுங்கள், என் இடத்துக்கு."

காலையில் பேசுவதாகச் சொல்லி அவர் போனை வைத்தார். எனக்கு வேறு மலை கைவசம் இல்லை. டீக்கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் இன்னொரு டீ கொண்டுவந்து வைத்தார்.

அன்று இரவு வில்லாபுரத்தில் ஹரிராமின் அம்மா நடந்ததையெல்லாம் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு மகனைப் பார்த்துத் தங்கள் மொழியில் நீளமாகப் பேசினார். ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. ஹரிராமின் காது சிவந்ததிலிருந்து விஷயம் புரிந்தது.

திங்கள் காலை பதினோரு மணிக்கு இயக்குநரே கூப்பிட்டார். பாண்டீஸ்வரியைச் சுரங்கத்துக்குள் எடுக்கலாம். ஆனால் மூன்று மாதச் சோதனை முறையில். சரியாக வராவிட்டால் அலுவலகத்துக்கு மாற்றிவிட வேண்டும். எனக்கு வெற்றி என்றுதான் தோன்றியது. உடனே அவளுக்குச் சொன்னேன்.

அவள் கேட்டது ஒன்றுதான். "அந்த மூணு பயலுகளுக்கும் இதே மாதிரித்தானா?"

"இல்ல. அவங்களுக்கு வழக்கமான வேலை ஆர்டர்."

"அப்ப எனக்கும் அதையே போடச் சொல்லுங்க. தனியா ஒண்ணு போட்டா நான் வரல மேடம். கோவிச்சுக்காதீக. அதோட வந்தா, மொத நாள்ல இருந்து எல்லாரும் என்னைய எப்ப வெளிய தள்ளலாம்னுதான் பாத்துக்கிட்டு நிப்பாக."

எனக்கு ஒரு கணம் கோபம் வந்தது. நான் என் வேலையையே பணயம் வைத்து வாங்கியதை இவள் வேண்டாம் என்கிறாள். அடுத்த கணம் வெட்கம் வந்தது. அவள் சொல்வது சரி. நான் பாதிக்கு ஒப்புக்கொண்டு அதை முழுசு என்று நினைத்துவிட்டேன். இத்தனை வருடம் பாதி பாதியாக வாங்கிப் பழகிய எனக்கு அது கண்ணில் படவில்லை.

மறுபடி போனை எடுத்தேன். ஹரிராம் அதைத் தடுத்தார். "இந்த வாட்டி நான் பேசுறேன் மேடம். இது என் டிபார்ட்மெண்ட்."

வாசலில் நின்று பேசினார். உள்ளிருந்து எனக்குத் துண்டு துண்டாகக் கேட்டது. ஒரே பதவிக்கு இரண்டு விதமான ஆர்டரில் தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்றார். யார் எழுதச் சொன்னது என்று நாளை யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன் தான்தான் என்றார். குரல் உயரவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. முடித்துவிட்டு வந்து, "யோசிச்சுச் சொல்றேங்கிறாரு" என்றார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

பதில் வராமலேயே ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். மூன்று மணி ரயில். நடைமேடையில் வெயில் தகித்தது. ரயிலில் ஏறி உட்கார்ந்து, இனி எந்த நிறுவனத்துக்கு எழுதலாம் என்று யோசிக்கத் தொடங்கியபோது ஹரிராம் ஜன்னலுக்கு வெளியே ஓடிவந்தார். கண்ணாடியைத் தட்டினார். பிறகு நான்கு விரலைக் காட்டினார். அவர் வாயசைவு எனக்குப் புரிந்தது. நால்வருக்கும் ஒரே ஆர்டர்.

நான் நெய்வேலிப் பெண். பெரிய திறந்தவெளிச் சுரங்கத்தின் விளிம்பில் வளர்ந்தவள். எங்கள் ஊரில் பார்வையாளர்கள் நிற்க வேலி போட்ட ஒரு மேடு உண்டு. அங்கே நின்று கீழே ஓடுகிற இயந்திரங்களைப் பார்க்கலாம். சின்ன வயதில் அந்த வேலிக்கு உள்ளே எப்படிப் போவது என்பதுதான் எனக்கு ஒரே யோசனை. போய்விட்டேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மதுரையில் இந்த மூன்று நாளில்தான் தெரிந்தது, நான் வேலியைத் தாண்டினேனே தவிர அதைப் பிடுங்கவில்லை.

ரயில் நகர்ந்ததும் பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சங்கடமாக இருந்திருக்கும்.

"எப்ப வரணும் மேடம்?"

"அடுத்த மாசம். மழை முடிஞ்சு சுரங்கம் தொடங்குறதுக்குள்ள வேலை பழகிக்கணும்."

"அங்க குளிருமா?"

"ராத்திரியில பல்லு தந்தியடிக்கும்."

"ஸ்வெட்டர் வாங்கணுமே" என்றாள். கவலையோடு யோசித்தாள். "இந்த வெயில்ல எந்தக் கடையில போயி ஸ்வெட்டர் கேக்க? பைத்தியம்னு நெனைப்பாக."

"நினைச்சா நினைக்கட்டும்" என்றேன்.

"அதுவும் சரிதான். டவுன்ஹால் ரோட்டுக்குப் போயிக் கேட்டுப் பாக்குறேன்" என்று போனை வைத்தாள்.